முறைப் பட்டியலில் ஒரு பெயர்

ஒரு மணி பத்து நிமிடத்துக்கு மாசிலாமணிக்குத் தன் கால்விரல்கள் இன்னும் காலோடுதான் இருக்கின்றனவா என்று சந்தேகம் வந்தது. குனிந்து பார்க்கவில்லை. எங்கே போய்விடும். பள்ளிக்கூடத்துக்குள் ஷூ போடக்கூடாது, வாசலில் கழற்றி மரத்தட்டில் வைத்துவிட்டு ரப்பர் செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும், இந்தக் கொரியாவில் அதுதான் வழக்கம். அவருக்குக் கொடுத்த செருப்பு ஒரு விரலளவு சின்னது, பத்து மாதமாகக் குதிகால் வெளியேதான் நிற்கிறது. ஆசிரியர் அறையில் முப்பத்திரண்டு நாற்காலிகள், முப்பத்தொன்று காலி. குளிர்கால விடுமுறை. பிள்ளைகள் இல்லை, ஆசிரியர்கள் இல்லை, கட்டடத்தைச் சூடாக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள், மேஜைக்கு அடியில் ஒரு சின்ன மின்கணப்பு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்து முழங்காலைச் சுட்டது, பாதத்தை எட்டவில்லை. வெளிநாட்டு ஆசிரியர் விடுமுறையிலும் எட்டரையிலிருந்து நாலரை வரை தன் மேஜையில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. இருந்து என்ன செய்ய வேண்டும் என்று ஷரத்து சொல்லவில்லை. உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உட்காருவது அவருக்குப் புதிதல்ல. குடியாத்தம் பக்கத்து உதவிபெறும் பள்ளியில் நாற்பத்தொரு நாள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தியவர், தாலுகா அலுவலக வாசல், கலெக்டர் ஆபீஸ் வாசல், தோல் தொழிற்சாலை கேட் என்று வடாற்காடு மாவட்டத்தில் அவர் உட்காராத தரை குறைவு. அப்போதெல்லாம் உட்கார்ந்தால் எவனாவது வந்து எழுந்திரு என்று சொன்னான். எழுந்திருக்கச் சொல்ல ஒருவன் இருக்கும்வரை உட்காருவதற்கு ஒரு கௌரவம் இருந்தது. இங்கே உட்கார் என்று சொல்லி உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே விளையாட்டுத் திடல் வெள்ளையாகக் கிடந்தது, நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இல்லாத வெள்ளை, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மனமும் அதே போல ஆகிவிடுகிறது, அடிச்சுவடு இல்லாமல். ஆனால் மேஜையில் ஒரு தாள் இருந்தது. அதைப் பார்க்காமல்தான் திடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று மாலை துணைத் தலைமையாசிரியர் பியோ அதை இரண்டு கையாலும் நீட்டிக் கொடுத்திருந்தார். கொரிய எழுத்து, முக்கால் பக்கம், அடியில் ஒரு கோடு. தவறு செய்தவர் நடந்ததைத் தானே விளக்கி எழுதி வருத்தம் தெரிவித்துத் தரவேண்டிய கடிதம். அவருக்கு எழுத வராது என்பதால் கூட இருந்து பாடம் நடத்தும் ஓக் டீச்சரே எழுதிவிட்டாள், அவர் செய்யவேண்டியது கோட்டின்மேல் கையெழுத்து ஒன்றுதான். நாளை நாலரைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன், கையெழுத்து இருந்தால் மார்ச்சில் அடுத்த ஆண்டும் நீங்கள் எங்களோடு, இல்லாவிட்டால் கல்வி அலுவலகம் என்னைக் கேட்கும், என்னிடம் பதில் இருக்காது, என்று பியோ நல்ல மனிதராகத் தலை தாழ்த்திச் சொன்னார். நல்ல மனிதர்கள்தான் எப்போதும் தாளை நீட்டுகிறார்கள். குடியாத்தத்துத் தாளாளரும் காபி கொடுத்துவிட்டுத்தான் நீட்டினார். போராட்டத்தில் கலந்துகொண்டதற்கு வருந்துகிறேன், இனிச் செய்யமாட்டேன், கீழே ஒரு கோடு. ஒன்பது பேர் போடவில்லை, ஒன்பது பேருக்கும் வேலை போயிற்று. மாசிலாமணி ஐம்பத்திரண்டு வயதுக்குள் எத்தனையோ போட்டிருக்கிறார், மனு, மகஜர், வருகைப் பதிவேடு. ஆனால் வருந்துகிறேன் என்று எழுதிய தாளில் போட்டதில்லை. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று தோல் தொழிற்சாலைக்காரர்களுக்கு மாதம் ஒரு துண்டறிக்கை போட்டவர். அவருடைய ஆங்கிலமே அந்தத் துண்டறிக்கைகளுக்காகப் படித்ததில் வந்தது, பட்டமெல்லாம் தபாலில் பிறகு வந்ததுதான். அகராதியைத் தொடையில் வைத்துக்கொண்டு மலிவு விலை ஆங்கில வெளியீடுகளை வரி வரியாகத் தமிழாக்கிப் படித்த ஆங்கிலம், கல்லூரிக்காரன் எவனுக்கும் குறைந்ததில்லை. அப்படிப்பட்டவர் முன்னால் படிக்க முடியாத எழுத்தில் ஒரு தாள். ஒன்பது பேர் போடவில்லை. பத்தாவது ஆள் போட்டான். தணிகாசலம், ஓவிய ஆசிரியர், போராட்டத்தின் தட்டிகளையெல்லாம் எழுதியவன், முப்பத்தெட்டாம் நாள் பின்வாசல் வழியாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தான். ஏன் என்று மாசிலாமணி கேட்கவில்லை. அன்றைக்கே எழுதினார், நானூறு பிரதி, தலைப்பில் கொட்டை எழுத்தில் தணிகாசலத்தின் பெயர், பெயருக்குக் கீழே கருங்காலி. ஒரு பிரதியை அவன் வீட்டுக் கதவிலேயே ஒட்டச் சொன்னார், ஒட்டினார்கள். இரண்டு மாதம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது தணிகாசலம் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், ஒதுங்கிப் போகவில்லை, நேரே வந்து நின்றான். "நோட்டீஸ் நல்லா எழுதியிருந்தீங்க சார். எனக்கு அப்பத்தான் கண்ணு ஆபரேசன் ஆயிருந்துச்சு. என் பொண்ணுதான் படிச்சிக் காட்டுச்சு." அவ்வளவுதான் சொன்னான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டான். பதினாலு வருஷம் ஆகிறது. அந்த வாக்கியத்தில் திட்டு இல்லை, கோபம் இல்லை, பதில் சொல்ல ஒரு பிடி இல்லை.

திடலின் ஓரத்தில் கேட்டுக்கு மேலே அந்தத் துணிப் பதாகை இன்னும் தொங்கியது. நம் பள்ளியின் முதல் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியரை வரவேற்கிறோம். அச்சடிக்கிறபோது அவருடைய படம் வந்துசேரவில்லையாம், கடைக்காரன் தன்னிடம் இருந்த ஒரு மஞ்சள் தலைமுடிக்காரன் படத்தை, எல்லாப் பல்லும் தெரிய, ஓரத்தில் போட்டுவிட்டான். மார்ச் முதல் தேதி மாசிலாமணி காரைவிட்டு இறங்கியபோது வரவேற்க நின்றவர்கள் அவருக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தார்கள். யாரும் இறங்கவில்லை. வாழ்நாள் முழுக்க பசை வாளியைத் தூக்கிக்கொண்டு மற்றவன் பெயரைச் சுவரில் ஒட்டியவருக்கு முதன்முதலாக ஒரு பதாகை, அதில் முகம் வேறொருவனுடையது. அன்றைக்கு அதை நினைத்துச் சிரித்தார். இப்போது சாயம் வெளுத்து முடியும் பல்லும் ஒரே வெள்ளையாகிவிட்டது, யாருடைய முகமாகவும் இருக்கலாம். ஆனாலும் பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்தது. அவருக்குத் தெரிந்த ஒரே முறையில்தான் பாடம் நடத்தினார், முன்னால் நின்று ஒரு வரி சொல்ல வேண்டும், கூட்டம் திருப்பிச் சொல்ல வேண்டும். இது என்ன விலை என்று அவர் கேட்டால் முப்பது முஷ்டிகள் உயர்ந்து "ரொம்ப அதிகம்! ரொம்ப அதிகம்!" என்று ஆங்கிலத்தில் கட்டடம் அதிரும். கடைக்குப் போகும் பாடம். ஒருநாள் பியோ கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். ஓக் டீச்சர் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அதெல்லாம் நடந்தது என்று தெரிகிறது, யாரோ சொல்லக் கேட்ட மாதிரி. அப்போது சந்தோஷமாக இருந்தேனா என்று தேடிப் பார்த்தார், பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி, அங்கே வலியும் இல்லை பல்லும் இல்லை.

தொலைபேசி மேஜைமேல் நடுங்கியது, ஊரிலிருந்து மனைவி. ரேணுகா. "இன்னாங்க, சாப்டாச்சா?" "ஆச்சு." "இன்னா சாப்டீங்க?" "சோறு." "சோறு சாப்ட்டவர் கொரல் மாதிரி இல்லியே. கையெழுத்துப் போட்டீங்களா?" "பாக்கறேன்." "இன்னாத்த பாக்கறது? அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்கன்றீங்க, பேனாவும் அவங்க பேனா. போடுங்க. இங்க வந்து இன்னா பண்ணப் போறீங்க? ஹால்ல குந்திகினு டிவியில பேசறவன்கிட்ட சண்டை போடுவீங்க. அவனுக்குக் கேக்காது, எனக்குத்தான் கேக்கும்." அவர் சிரிக்க வேண்டிய இடம் அது, தெரிந்தது, ஆனால் சிரிப்பு வர நேரமாகியது, அதற்குள் அவள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள். "அப்பறம், தணிகாசலம் சார் வந்திருந்தாரு. பொண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை வெச்சிட்டுப் போனாரு." "யார் பேருக்கு?" "உங்க பேருக்குத்தான். தாம்பாளத்துல வெச்சி, அவரு கையாலயே எழுதி. தோழர் மாசிலாமணி அவர்கள்னு. எழுத்து இன்னா அழகு அவருக்கு." அவர் தாளின் ஓரத்தை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தார். "இருக்கீங்களா?" "இருக்கேன்." "போட்டுடுங்க," என்று சொல்லிவிட்டு வைத்தாள். தோழர். அந்தப் பொண்ணு அப்போது ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ. கதவிலிருந்து கிழித்துக் கொண்டுவந்து படித்திருக்குமா, கதவிலேயே வைத்துப் படித்திருக்குமா, கருங்காலி என்றால் என்னப்பா என்று கேட்டிருக்குமா. கேட்டிருந்தால் தணிகாசலம் என்ன சொல்லியிருப்பான். மணி இரண்டரை. வெளியே ஒரு காகம் திடலின் நடுவில் இறங்கியது, நம்மூர்க் காகம் இல்லை, பெரிசு, கறுப்பும் வெள்ளையும், நாலு எட்டு நடந்து பறந்துவிட்டது. இப்போது திடலில் அடிச்சுவடு இருந்தது.

தாளில் இருப்பது என்ன என்று அவருக்கு ஏறக்குறைய தெரியும், நடந்ததைத்தான் எழுதியிருப்பாள். டிசம்பர் கடைசி வாரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு போடுவார்கள், பாட்டு முடியும்வரை பள்ளி முழுக்கச் சுத்தம் செய்யும் நேரம். எல்லாப் பிள்ளையும், தலைமையாசிரியர் பேத்தி உட்பட. வகுப்பின் பின்சுவரில் வட்டமாக வெட்டிய அட்டையில் முறைப் பட்டியல், வாரம் ஒரு தடவை அட்டையைத் திருப்புவார்கள், யாருக்கு ஜன்னல், யாருக்கு மாடிப்படி, யாருக்குக் கழிப்பறை. அன்றைக்கு அவர் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார். பெண்கள் கழிப்பறை வாசலில் ஒரு பிள்ளை, தனியாக, கையை மடித்துவிட்டுக்கொண்டு, முழங்கால் நனைய, மாப் போட்டுக்கொண்டிருந்தது. ஹாயுன். அப்போது பெயர்கூட ஞாபகத்தில் வரவில்லை. அம்மா வியட்நாமிலிருந்து கல்யாணமாகி வந்தவள் என்று மட்டும் ஞாபகம் வந்தது, பிள்ளையின் முகம் மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் கறுப்பு என்பது கண்ணில் பட்டது. அப்புறம் அந்த வாடை. அவருக்கு அது பினாயில் வாடை, ஆறாம் வகுப்பு, காலனிப் பசங்க மட்டும் எழுந்திருங்கடா, வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், வாளி கனத்துக் காலில் இடித்து இடித்துத் தண்ணீர் தளும்பும், வகுப்பில் மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள், தமிழ்த்தாய் வாழ்த்து ஒத்திகை, கழிப்பறைவரை கேட்கும். வாத்தியாரான பிறகு அதே வழக்கத்தை இன்னொரு பள்ளியில் பார்த்தபோது மூன்று நாள் கேட்டை மறித்து, தலைமையாசிரியரை மாற்றவைத்தார், அவர் முழுசாக ஜெயித்தது அது ஒன்றுதான். அந்தக் கைதான் நீண்டது. மாப்பைப் பிடுங்கினார், சுவரில் அடித்தார், "ஏன் இந்தப் பிள்ளை மட்டும்? யார் சொன்னது? ஏன் இந்தப் பிள்ளை மட்டும்?" என்று ஆங்கிலத்தில், ஐயாயிரம் பேருக்குக் கேட்கிற குரலில். கதவுகள் திறந்தன. பாட்டு நின்றது. வெந்நீர் வாளி தூக்கிவரப் போயிருந்த மற்ற இரண்டு பிள்ளைகளும் வாளியோடு வந்து நின்றார்கள், அந்த வாரம் மூவருக்கும் முறை. ஹாயுன் என்னவோ மெதுவாகச் சொன்னாள். என் முறைதான் சார் என்று சொன்னாளாம், பிறகு ஓக் டீச்சர் சொன்னாள். அன்றைக்கு அவள் அழவில்லை. மறுநாள்தான் அழுதாள். வம்பு வேண்டாம் என்று வகுப்பாசிரியர் அட்டையிலிருந்து அவள் பெயரை மட்டும் எடுத்துவிட்டார். பாட்டு போடுகிற இருபது நிமிடமும் எல்லாரும் எதையாவது துடைக்க, அவள் கையைக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றாள். அதுவரை அந்த வகுப்பில் யாரும் அவளை வேறாகப் பார்த்ததில்லையாம். விடுமுறை விடும்வரை நாலு நாள் நின்றாள், நாலு நாளும் மாசிலாமணி அந்த வழியாகப் போகாமல் மாடி ஏறிச் சுற்றிப் போனார்.

மூன்று மணிக்கு மேல் ஓக் டீச்சர் வந்தாள், மேல்கோட்டில் பனியோடு, கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு. விடுமுறையில் அவள் வரவேண்டியதில்லை. "மாசி டீச்சர், இன்னும் உயிரோடு இருக்கிறீர்களா?" "கணுக்கால்வரை இல்லை. அதற்கு மேலே இருக்கிறேன்." அவள் சிரித்தாள், கணப்பைக் காலால் அவர் பாதத்தின் பக்கம் தள்ளிவிட்டாள், இத்தனை நாளில் அவருக்கு அது தோன்றவில்லை. பழத்தை உரித்து அவர் முன்னால் வைத்தாள், சில்லென்று பல் கூசியது. தாளைப் பார்த்தாள். "போடவில்லை." "என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியாமல் போடமாட்டேன்." "நல்லதாகத்தான் எழுதியிருக்கிறேன்." "படியுங்கள்." அவள் விரல்வைத்து ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னாள். வெளிநாட்டவனான எனக்கு இந்தப் பள்ளியின் துப்புரவு வழக்கம் தெரியாது. கலப்புக் குடும்பத்து மாணவி ஹாயுன் தனியாக வேலை செய்வதைப் பார்த்து, அவளை ஒதுக்குகிறார்கள் என்று தவறாக நினைத்துவிட்டேன். பண்பாட்டு வேறுபாட்டால் நேர்ந்த இந்தத் தவறுக்கு ஆழ்ந்து வருந்துகிறேன். "தெரியாது என்ற முதல் வரிதான் உங்களைக் காப்பாற்றும் வரி," என்றாள், "மற்றதெல்லாம் அலங்காரம்." நல்ல வரிதான். தெரியாது என்று சொல்கிறவனை யாரும் ஒன்றும் செய்யமுடியாது, அவன் முகம் மஞ்சள் முடிக்காரனின் முகமாகிவிடும். பேனா கையில் இருந்தது, விரல் அதை உணரவில்லை, வேறொருவர் கையில் இருப்பதுபோல இருந்தது. போட்டால் முடிந்தது, ரேணுகா சொன்ன மாதிரி. "இது எங்கெங்கே போகும்?" என்று சும்மா கேட்டார், பழக்கத்தில், எத்தனை பிரதி, யார் யாருக்கு, துண்டறிக்கைக்காரன் கேட்கும் கேள்வி. "மூன்று பிரதி. ஒன்று பியோவுக்கு, ஒன்று கல்வி அலுவலகத்துக்கு, ஒன்று ஹாயுனின் அம்மாவுக்கு." "அந்த அம்மா படிப்பாரா?" "நன்றாகப் பேசுவார். எழுத்துதான் வராது. பள்ளியிலிருந்து போகிற காகிதத்தையெல்லாம் ஹாயுன்தான் படித்துக் காட்டும்."

பேனாவை வைத்துவிட்டார். என் பொண்ணுதான் படிச்சிக் காட்டுச்சு. இங்கேயும் பொண்ணுதான் படிக்கும், சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கலப்புக் குடும்பத்து மாணவி ஹாயுன், என்று தன் பெயரைத் தானே, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், சத்தமாக. அம்மா கேட்பாள், ஒதுக்குகிறார்களா, உன்னையா, என்னாலா. அது என்ன சொல்லும். மாசிலாமணிக்கு உள்ளே எதுவும் இளகவில்லை, அழுகை வரவில்லை, மரத்த பல்லில் இடுக்கி பட்டது மாதிரி ஒரு அழுத்தம் மட்டும் தெரிந்தது. அந்த அழுத்தத்தோடு அன்றைய தாழ்வாரத்தை இன்னொரு தடவை பார்த்தார், இந்தத் தடவை மாப்பைப் பிடுங்கியவனைப் பார்த்தார். தெரியாதா அவனுக்கு? பத்து மாதமாக அந்தப் பாட்டைக் கேட்டவன், அட்டை திரும்புவதைப் பார்த்தவன், தானே பிள்ளைகளோடு நின்று வெள்ளைப்பலகை துடைத்தவன். தெரியும். கை நீளும்போதே தெரியும். தெரிந்தும் நீண்டது, ஏனென்றால் குரலை உயர்த்த ஒரு காரணம் கிடைத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, சுவரில் மாப் அடித்த அந்த நொடியில் உடம்பு முழுக்கச் சூடு ஏறியது, சந்தோஷமாக இருந்தது. தேடிக்கொண்டிருந்தாரே, அது அங்கேதான் கிடந்தது. தணிகாசலத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியபோதும் அதே சூடுதான்.

"முதல் வரியை எடுங்கள்," என்றார். "எடுத்தால் பியோவால் உங்களைக் காப்பாற்ற முடியாது." "எனக்கு வழக்கம் தெரியும்." "உங்களுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும், மாசி டீச்சர். நாம்தானே சேர்ந்து பலகை துடைத்தோம்." அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள், சொல்லிவிட்டு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். "அந்தப் பிள்ளையின் பெயரை எடுங்கள். குடும்பத்தைப் பற்றிய சொல்லையும். ஒரு மாணவி என்றால் போதும்." "அப்புறம் என்னதான் எழுதுவது?" அவர் சொன்னார், மெதுவாக, அவள் கணினியில் அடிக்க அடிக்க, வாழ்நாளில் எழுதியதிலேயே சின்ன அறிக்கை, ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லாமல். அன்று அது அந்த மாணவியின் முறை. அவள் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தாள். முறைப் பட்டியல் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அவளுடைய வேலையைக் கெடுத்தேன், எல்லார் முன்னாலும் அவளைத் தனியாக நிறுத்தினேன். வருந்துகிறேன். "அவ்வளவுதானா?" "ஒரு கோரிக்கை இருக்கிறது." ஓக் டீச்சர் திரும்பிப் பார்த்தாள். "மன்னிப்புக் கடிதத்தில் கோரிக்கை எழுதமாட்டார்கள்." "நான் எழுதுவேன். கோரிக்கை இல்லாமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. எழுதுங்கள். பள்ளி திறந்ததும் அவள் பெயரைக் கழிப்பறை முறையில் திரும்பச் சேர்க்க வேண்டும்." சொல்லி முடித்ததும் அந்த வாக்கியம் அவர் காதிலேயே விழுந்தது. எந்தப் பட்டியலிலிருந்து பிள்ளைகளின் பெயரை எடுக்கச் சொல்லி மூன்று நாள் கேட்டை மறித்தாரோ, அதே பட்டியல். ஆறாம் வகுப்பு வாளி காலில் இடித்தது. ஓக் டீச்சர் நிறுத்தியிருந்தாள், பிறகு அடித்தாள்.

அச்சு இயந்திரத்திலிருந்து வந்த தாள் சூடாக இருந்தது, அன்றைக்கு அவர் விரல் உணர்ந்த முதல் சூடு. "ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள்," என்றார், "கொரிய மொழியிலேயே. அந்தப் பிள்ளை வீட்டில் படிக்கிற மாதிரி." அவள் படித்தாள். ஒரு சொல்லும் புரியவில்லை. நடுவில் எங்கேயும் குரல் தயங்குகிறதா, ஒரு பிள்ளை வாய் குழறுகிற இடம் ஏதாவது வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். வரவில்லை. கோட்டின்மேல் தமிழில் பெயரை முழுசாக எழுதினார், கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. நாலு இருபத்தெட்டு. தாழ்வாரத்தில் ரப்பர் செருப்புச் சத்தம் நெருங்கியது, பியோவுடையது, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பவர். கதவு திறக்கும் முன்பே மாசிலாமணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்; பாதம் தரையில் இருப்பது தெரியவில்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டார், மற்றொரு கையில் தாள் இருந்தது.